இடஞ்சுழிக் கொக்கி

ஜுலைகா பீவியின் மகளுக்குக் கட்டிய கருகமணி, கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள், வாசுதேவநல்லூரில் புகுந்த வீட்டுக் கிணற்றுக்குள் விழுந்தது. நூல் அறவில்லை. பின்கழுத்தில் கிடந்த வெள்ளிக் கொக்கி வாயைப் பிளந்துகொண்டது, அவ்வளவுதான். வாளியைத் தூக்கக் குனிந்த பெண்ணின் கழுத்திலிருந்து கருமணியும் பொன்மணியும் ஒரே சரமாக வழுகி உள்ளே போயின. ஐம்பத்திரண்டாம் வருசத்து ஐப்பசி. கிணறு நிறைந்து கிடந்தது. பாதாளக்கரண்டி போட்டு அரை நாள் துழாவி எடுத்தார்கள். எடுத்துக் கையில் கொடுத்தபோது மாமியார்க்காரி ஒரே ஒரு சொல் சொன்னாள்.

"மூணு நாள் தாங்காத கழுத்து."

தாலிக்கு என்ன மரியாதையோ அதே மரியாதைதான் கருகமணிக்கும். அந்தச் சொல் அடுத்த பஸ்ஸிலேயே ஏறிச் சங்கரன்கோவிலுக்கு வந்துவிட்டது. ஜுலைகா பீவி இரண்டு பேரைக் கூப்பிட்டு அனுப்பினாள். ஒருத்தி மணி கோத்த வள்ளித்தாய். இன்னொருவர் சங்கரசுப்பு ஆசாரி. ஊரில் பாசியும் பவளமும் கோக்கிற எல்லோரும் கொக்கிக்கு அவர் பட்டறைக்குத்தான் போவார்கள்.

பின்கட்டு முற்றத்தில் மழை சொட்டிக்கொண்டிருந்தது. ஜுலைகா பீவி பலகையில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய புருஷன் அப்துல் மஜீதுக்குக் கடைவீதியில் பெரிய ஜவுளிக்கடை. ஆனால் அந்தத் தெருவில் எந்த வழக்கும் அவர் வரைக்கும் போகாது, இவளோடு முடிந்துவிடும். சரத்திலிருந்து கழற்றிய கொக்கியை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"இது யாரு செஞ்சது?"

"ஆசாரியாரு பட்டறையில வாங்குனதுதான் பீவிம்மா. கோத்தது நான், கொக்கி அவருது" என்றாள் வள்ளித்தாய்.

ஆசாரி அதை வலது கையில் வாங்கினார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். அவசரப்படவில்லை.

"இது என் கொக்கி இல்ல."

"ஆசாரியாரே, போன மாசம் உம்ம கையாலதான எடுத்துத் தந்தீரு?"

"தந்தேன். அதை எங்கன மாட்டுனியோ. பீவிம்மா, ஆடித் தபசுத் திருவிழாக் கடைக்கு இவ பித்தளைக் கம்பியில கொக்கி வளைச்சு விக்கது ஊருக்கே தெரியும். பித்தளையை வளைச்ச கை வெள்ளியை வளைக்காதா? என்கிட்ட ஒண்ணு வாங்குவா, ஒம்பது அவளே வளைப்பா. கேட்டா எல்லாம் என் பேரு."

"பித்தளையில வளைக்கியா?"

"சின்னப் பிள்ளைக போடுத கண்ணாடிப் பாசிக்கு வளைப்பேன். ஆனா பீவிம்மா..."

"ஆனாவும் வேண்டாம், ஆவன்னாவும் வேண்டாம்."

ஆசாரி சொன்னதில் பாதி நிஜம். முழுப் பொய்யாக இருந்தால் வள்ளித்தாய் உடைத்திருப்பாள். பாதி நிஜத்தை என்ன செய்ய? ஜுலைகா பீவி கொக்கியை ஒரு துணியில் முடிந்து வெற்றிலைப் பெட்டிக்குள் போட்டாள்.

"இது என்கிட்டயே கெடக்கட்டும். எவ கைன்னு அல்லா ஒருநாள் காட்டுவான். இனி எங்க தெருவுல எவ நடையையும் நீ மிதிக்கப்படாது."

அன்றைக்கே அந்தத் தெரு போனது. கார்த்திகைக்குள் அவள் கோத்துக் கொடுத்துவந்த மற்ற இரண்டு தெருக்களும் போயின. 'வள்ளித்தாய் கோத்தா நிக்காது' என்பது அவளுக்கு முன்னால் நடந்துபோய் ஒவ்வொரு வாசலிலும் உட்கார்ந்துகொண்டது. பவளம் கோக்கக் கொடுத்திருந்தவர்கள் பாதிக் கோப்பிலேயே வந்து திரும்ப வாங்கிப்போனார்கள்.

அவளுடைய புருஷன் சுயம்புலிங்கம் தறிக்காரன். நூல் வந்தால் தறி ஓடும், வராவிட்டால் தறிக்குழிக்குள் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு பீடி குடிப்பான். அந்த வருசம் பீடிதான் அதிகம் ஓடியது. வீட்டில் சோற்றுப் பானை ஏறுவது நின்றுபோய் காலையும் மாலையும் கம்பங்கஞ்சி. கடித்துக்கொள்ளச் சுண்டவத்தல்.

"அந்த ஆசாரி கை அழுகணும்" என்றாள் வள்ளித்தாய், கஞ்சியைக் கரைத்துக்கொண்டே.

"சாபத்துக்குக் கை அழுகும்னா இந்த ஊர்ல பாதிப் பேரு எதால கஞ்சி குடிப்பான்? விடுட்டி."

"விட மாட்டேன்."

"அப்ப என்ன செய்யப் போற?"

"மொதல்ல கொக்கி செய்யப் போறேன். வெள்ளியில. அவன் சொன்ன பொய்யை மெய்யாக்குதேன். நீங்க இடுப்புல கெடக்க அரைஞாணை அவுத்துத் தாங்க."

சுயம்புலிங்கம் பீடியை வாயிலிருந்து எடுத்தான். அவன் இடுப்பில் கிடந்தது கல்யாணத்துக்கு மாமனார் போட்ட வெள்ளி அரைஞாண். கம்பியை முறுக்கிச் செய்த நல்ல கனமான கொடி.

"ஏட்டி, இது உங்கய்யா போட்டதுல்லா."

"அதனாலதான் உரிமையாக் கேக்கேன்."

"கோவணம் எதுல நிக்கும்?"

"சணல் கயித்துல நிக்காதா? உம்ம கோவணத்துல என்ன கோயில் நகையா கெடக்கு?"

அவன் சிரித்துக்கொண்டே அவிழ்த்துக் கொடுத்தான். அரைஞாண் போன இடத்தில் வெளுத்த தடம் ஒன்று இடுப்பைச் சுற்றி ரொம்ப நாள் கிடந்தது.

முறுக்கைப் பிரித்தால் நல்ல கம்பி. வேறு சாமான்களுக்கு அவள் யாரிடமும் போகவில்லை. பித்தளைக்கு வைத்திருந்த குறடு இருந்தது. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் கிடந்த ஒரு சாண் தண்டவாளத் துண்டு வைத்துத் தட்டுகிற பட்டடைக்கல்லாகப் பயன்பட்டது. பலகையில் ஒரு ஆணியை அறைந்தாள். அதைச் சுற்றித்தான் கொக்கியின் வளைவு. கரிச்சட்டியும் ஊதுகுழலும் ஆச்சு.

வெள்ளியின் குணம் அவளுக்கு ஒரு வாரத்தில் பிடிபட்டது. கம்பியைத் தணலில் காட்டிச் சிவக்கவைத்து ஆற்றினால் மெழுகு மாதிரி வளையும். வளைத்த பின்னால் இரும்பில் வைத்துச் சுத்தியலால் சுற்றிலும் தட்ட வேண்டும். தட்டத் தட்ட விறைக்கும். தட்டாத கொக்கி பார்வைக்கு ஒரு குறையும் சொல்லாது. கழுத்தில் நாலு தரம் இழுபட்டால் வாயைத் திறந்துவிடும். கிணற்றில் விழுந்த சரத்துக்கு நடந்தது அதுதான். ஐப்பசியில் ஊரெல்லாம் கல்யாணம். ஆசாரி அவசரத்தில் தட்டாமல் எடுத்துக் கொடுத்திருக்கிறார். வேறு ஒன்றுமில்லை.

பழைய பவள மாலை ஒன்றில் ஆசாரியின் கொக்கி அவளிடம் மிச்சம் இருந்தது. அதைப் பார்த்துச் செய்தாள். வளைவு அதே மாதிரி வந்தது. வாய் வந்தது. கடைசியில் கம்பியின் வாலைக் கொக்கியின் கழுத்தில் மூன்று சுற்றுச் சுற்றி முடிக்க வேண்டும், அது மட்டும் வரவில்லை. அவள் சுற்றினால் சுற்று வலப்பக்கமாகப் படிந்து ஏறியது. ஆசாரியின் சுற்று இடப்பக்கமாக ஏறியது. எப்படித் திருப்பிப் பிடித்தாலும் வலஞ்சுழி வலஞ்சுழிதான், இடஞ்சுழி இடஞ்சுழிதான். மூன்று நாள் மல்லுக்கட்டினாள். நாலாம் நாள் எரிச்சலில் குறட்டை இடது கைக்கு மாற்றிக் கம்பியை இழுத்தாள். அச்சு அசல் ஆசாரியின் சுற்று வந்து உட்கார்ந்தது.

வள்ளித்தாய் குறட்டைக் கீழே வைத்தாள்.

ஆசாரி பட்டறை அவள் கண்ணுக்குள் வந்தது. வாசலுக்கு முதுகு காட்டித்தான் எப்போதும் உட்கார்ந்திருப்பார். ஆள் வந்தால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டுத்தான் திரும்புவார். மற்ற ஆசாரிமார் விளக்கை இடப்பக்கம் வைப்பார்கள், கை நிழல் வேலையில் விழக்கூடாது என்று. இவருக்கு விளக்கு வலப்பக்கம். சாப்பிடுவது, வெற்றிலை வாங்குவது, திருநீறு எடுப்பது எல்லாம் வலது கை. வேலை மட்டும் இடது கை. இருபது வருசமாக ஊருக்குத் தெரியாமல் வைத்திருக்கிறார். தெரிந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். கால் கழுவுகிற கையால் உருக்கித் தட்டிய தாலியை எவன் தன் மகள் கழுத்தில் ஏற்றுவான்?

புருஷனிடம் சொன்னாள். அவன் தறிக்குழியிலிருந்து எழுந்தே விட்டான்.

"இப்பவே போ. பீவிம்மா வெத்தலைப் பெட்டிக்குள்ள கெடக்க கொக்கியும் இடஞ்சுழியாத்தான இருக்கும்? காட்டுனா முடிஞ்சுது சோலி."

"சொன்னா என் பேரு திரும்ப வரும்."

"வேற என்ன வேணும்?"

"அவன் பேரு போவணும். நான் நடந்த நடையை அவன் நடக்கணும். ஒவ்வொரு வாசலுலயும் நின்னுட்டுத் திரும்பணும். பீச்சாங்கைச் சமாச்சாரத்தைக் கடைசியா வச்சிருக்கேன்."

"ஏட்டி, கெடைக்கதை வாங்கிட்டு வாரதுதான் புத்தி."

"புத்தி உமக்கு இருக்கட்டும். எனக்கு வேண்டாம்."

இடது கைக்குச் சுற்றுவதைப் பழக்கினாள். முதலில் குறடு நழுவிக் கட்டைவிரலைக் கிழித்தது. தை பிறந்தபோது பத்துக்கு ஆறு ஒழுங்காக வந்தது. மாசியில் பத்துக்குப் பத்து. பங்குனி வெயிலில் ஓடு காய்ந்து வீடு அடுப்பாகக் கிடந்தபோதும் கரிச்சட்டியை மூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றியதைப் பிரிப்பாள், காய்ச்சுவாள், மறுபடியும் சுற்றுவாள். ஒரே கம்பி எத்தனை தரம் கொக்கியானதோ. கட்டைவிரலில் காய்ப்பு ஏறியது. அப்புறம் அவள் கையைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டு, புருஷனை ஏசிக்கொண்டு, தெருவில் போகிறவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டு சுற்றினாள். கை தன் பாட்டுக்குச் செய்தது.

முத்துமாரியம்மாள் வளையல் மலாரக் கூடை தூக்கி ஊர் ஊராகப் போகிறவள். பாசிமாலையும் விற்பாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் வள்ளித்தாய் வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்துவிட்டுச் சுவரோரமாகக் கண்ணயர்வாள். ஊரே ஒதுக்கியபோதும் அவள் மட்டும் வந்துகொண்டிருந்தாள். அவளுடைய கூடைக்குள் ஒரு பவுடர் டப்பாவில் ஆசாரியிடம் வாங்கிய கொக்கிகள் கிடக்கும்.

"தபசு வருதுல்லா, அம்பது சரமாவது கோக்கணும். நீ கோத்துத் தாயேன் வள்ளி. உன் பேரைச் சொல்லாம வித்துக்கிடுதேன்" என்றாள் ஒருநாள்.

"பேரில்லாம நான் எதுக்குக் கோக்கணும் அக்கா? நீங்களே கோத்துக்கிடுங்க."

"கோவத்துல வயித்தைக் காயப்போடாதட்டி. கோவம் சோறு போடுமா?"

"எனக்குப் போடும். நீங்க படுங்க."

அவள் குறட்டை விட ஆரம்பித்ததும் வள்ளித்தாய் டப்பாவைத் திறந்தாள். ஆசாரியின் கொக்கிகளை எடுத்துக்கொண்டு தன்னுடையதைப் போட்டாள். வளைவு, வாய், இடஞ்சுழியாய் மூன்று சுற்று, சுத்தியல் தட்டிய தடம் எல்லாம் உண்டு. ஒன்று மட்டும் செய்திருந்தாள். தட்டி விறைக்கவைத்த பிறகு மறுபடியும் தணலில் காட்டியிருந்தாள். விறைப்பு அவ்வளவும் போய்விடும், தடம் மட்டும் இருக்கும். எந்த ஆசாரி பார்த்தாலும் சங்கரசுப்பு வேலை என்றுதான் சொல்வான். சங்கரசுப்புவே சொல்வார்.

நாலு செவ்வாய்க்கிழமை மாற்றினாள். எடுத்த நல்ல கொக்கிகள் உப்புப் பானைக்குப் பின்னால் ஒரு கிழிந்த துணியில் சேர்ந்தன.

ஆடி பிறந்து கோயிலில் தபசுக்குக் கொடி ஏறியது. மேற்கே மலையில் சாரல், இங்கே வெறும் காற்று. கரிசல் புழுதியை வாரித் தெருவில் போகிறவர்கள் பல்லில் எல்லாம் அப்பியது. ஆடிச்சுற்றுச் சுற்றுகிற கூட்டம் காலையிலிருந்தே கோயிலை வலம் வந்துகொண்டிருந்தது. நூற்றெட்டுச் சுற்று என்றால் சும்மாவா? இடிபட்டு, முந்தானை இழுபட்டு, பிள்ளையை இடுப்புக்கு இடுப்பு மாற்றி நடக்க வேண்டும். அந்த இழுப்பில் கொக்கிகள் ஒவ்வொன்றாக வாயைத் திறந்தன. முதல் நாள் இரண்டு. தபசுக்கு முந்தின நாள் ஏழெட்டு. சிவகிரிக்காரி ஒருத்தி முத்துமாரியம்மாளிடம் வாங்கிய பவளச் சரத்தின் நடுவில் பொன்னில் செய்த அம்மன் உருவைக் கோத்துப் போட்டிருந்தாள். நாற்பதாவது சுற்றில் கழுத்தைத் தடவினால் வெறும் கழுத்து. வாய் பிளந்த கொக்கியோடு அறுந்த பாதிச் சரம் முந்தானையில் சிக்கிக் கிடந்தது, உருவைக் காணவில்லை. ஆயிரம் கால் மிதிக்கிற தெருவில் உருவை எங்கே தேட?

அவள் நேரே முத்துமாரியம்மாளின் கூடைக்கு வந்தாள். காலால் ஒரு எத்து எத்தினாள். வளையல்கள் சிதறி நொறுங்கின.

"ஆசாரி கொக்கி தாயி, சங்கரசுப்பு ஆசாரி கொக்கி. நான் என்ன கண்டேன்" என்று முத்துமாரியம்மாள் கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் மண்டிபோட்டுப் பொறுக்கினாள். விரலில் ரத்தம்.

வள்ளித்தாய் பத்தடி தள்ளி நின்று பொரிகடலை தின்றுகொண்டிருந்தாள். போய்க் கூடப் பொறுக்கவில்லை. முத்துமாரியம்மாளுக்காக வருத்தப்பட அவளுக்கு அப்போது இடமில்லை. கூட்டம் ஆசாரி பட்டறைக்குத் திரும்புவதைப் பார்த்துவிட்டு, மிச்சக் கடலையை மடியில் கட்டிக்கொண்டு அதன் பின்னாலேயே போனாள்.

ஆசாரி வாசலில் நின்றார். சிவகிரிக்காரி கொக்கியை அவர் மூஞ்சியில் எறிந்தாள். அவர் அதைக் குனிந்து எடுத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தன் வேலைதான். தன் சுற்றுதான். அவர் முகத்தில் வந்த குழப்பத்தை வள்ளித்தாய் ஒரு பருக்கை விடாமல் தின்றாள்.

"ஏ ஆசாரி, இது உன் கொக்கியா இல்லையா? இல்லைன்னு சொல்லு பாப்போம்."

"என்னுது மாதிரித்தான் இருக்கு."

"மாதிரியா? தாலியும் மாதிரிதான் செய்வியோ?"

ஆவணிக்கு எத்தனையோ கல்யாணம் வைத்திருந்தார்கள். தாலிக்குப் பொன்னுருக்க அவரைக் கூப்பிட்டிருந்தவர்கள் தென்காசிக்கும் ராஜபாளையத்துக்கும் ஆசாரி தேடிப் போனார்கள். வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போகிற வழியில் வள்ளித்தாய் வேண்டுமென்றே பட்டறை வழியாகப் போவாள். உள்ளே விளக்கு எரியாது. ஊதுகுழல் சத்தம் இருக்காது. வாசலுக்கு முதுகு காட்டி உட்கார வேலை இல்லாததால் அவர் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அன்றைக்கெல்லாம் கம்பங்கஞ்சி அவளுக்கு ருசித்தது.

ஆவணி பாதியில் ஜுலைகா பீவியிடமிருந்து ஆள் வந்தது.

"போயிட்டு வா. என்ன குடுத்தாலும் வாங்கிட்டு வாயை மூடிட்டு வா" என்றான் சுயம்புலிங்கம்.

பத்து மாசத்துக்கு அப்புறம் அந்த முற்றம். பலகை அதே இடத்தில் கிடந்தது. ஜுலைகா பீவி பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். எடுத்த எடுப்பில் உட்காரச் சொன்னாள்.

"ஊரெல்லாம் ஆசாரி கொக்கின்னு பேசுதாவ. அன்னைக்கு நான் உன்மேல வச்ச சொல்லு எனக்கு ராவெல்லாம் முள்ளாக் குத்துது. ஆசாரிக்கும் ஆள் விட்டிருக்கேன். அவரு முன்னால வச்சே சொல்லிடுதேன். இனி நீ எங்க தெருவுக்கு வரலாம். எங்க வீட்டு வேலை உனக்குத்தான்."

வள்ளித்தாய் அப்புறம்தான் உட்கார்ந்தாள். "உங்க வாயால அது வந்தாப் போதும் பீவிம்மா" என்றாள்.

"மகளுக்கு அங்கன இன்னும் அந்தப் பேச்சு ஓயலட்டி. 'மூணு நாள் கழுத்து, மூணு நாள் கழுத்து'ன்னு மாமி நாளும் குத்துதா. நேத்தும் அழுதுட்டு வந்துட்டுப் போறா." பாக்குவெட்டி நின்றது. பிறகு ஓடியது. "அது கெடக்கட்டும். கம்பி ஏதும் வச்சிருக்கியா? பேத்தி பவளத்துல கொக்கியை எங்கயோ தொலைச்சுட்டா. ஆசாரி வாரதுக்குள்ள ஒண்ணு வளைச்சு விடேன்."

மூத்த மகனின் பெண், ஐந்து வயது இருக்கும், சரத்தை நீட்டிக்கொண்டு வந்து நின்றது. வள்ளித்தாய் மடியிலிருந்து சுருக்குப்பையை எடுத்தாள். குறடும் ஒரு முழம் கம்பியும் அதில் எப்போதும் கிடக்கும். அடுப்பங்கரைத் தணலில் காட்டி வாங்கிவந்து, பேசிக்கொண்டே வளைத்தாள். அவள் கண் வாசல் பக்கமே இருந்தது. இன்னும் ஒரு நாழிகையில் அந்த ஆள் அந்த வழியாகத்தான் வருவான். சுற்றி முடித்து, அம்மிக் கல்லில் வைத்துக் குழவியின் நுனியால் நன்றாகத் தட்டினாள். தணலில் திரும்பக் காட்டவில்லை. பிள்ளை கழுத்தில் மாட்டி விட்டாள். அது ஆசையாகத் தடவிப் பார்த்துக்கொண்டு ஓடியது.

ஆசாரி வந்தார். இளைத்திருந்தார். ஜுலைகா பீவி நீட்டிய வெற்றிலையை வலது கையால் வாங்கிக்கொண்டு தூண் ஓரமாக நின்றார்.

"ஆசாரியாரே, அன்னைக்கு உம்ம சொல்லைக் கேட்டு இவளை விரட்டுனேன். இப்ப உம்ம கொக்கி லெச்சணத்தை ஊரே பாத்துட்டு. இவகிட்ட ஒரு வார்த்தை சொல்லும், போதும்."

ஆசாரி தரையைப் பார்த்தார். சொல்லத்தான் போனார். உதடு அசைந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். வள்ளித்தாயால் முடியவில்லை. கடைசியாக வைத்திருந்தது நெஞ்சுக்குள் பத்து மாசமாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

"வார்த்தை எனக்கு வேண்டாம் பீவிம்மா. பெட்டியைத் தெறங்க. அந்தக் கொக்கியை எடுங்க."

ஜுலைகா பீவி முடிச்சை அவிழ்த்தாள்.

"கழுத்துச் சுத்தைப் பாருங்க. எந்தப் பக்கமா ஏறுது?"

"இடப்பக்கமா."

"இடஞ்சுழி. அது பீச்சாங்கைக்காரன் சுத்து. இந்த ஆளு சாப்பிடதுதான் சோத்துக்கை. வேலை பூராவும் பீச்சாங்கை. எதுக்கு எந்நேரமும் வாசலுக்கு முதுகைக் காட்டுதாருன்னு கேளுங்க. விளக்கு எதுக்கு வலப்பக்கம் இருக்குன்னு கேளுங்க. இந்த ஊர்ல எத்தனை தாலி இவரு பீச்சாங்கையில தட்டுனதுன்னு கேளுங்க. நான் சோத்துக்கைக்காரி. நான் சுத்துனா வலஞ்சுழிதான் வரும். செத்தாலும் இப்படி வராது."

ஆசாரியின் முகம் வெளுத்தது. இடது கை தோள் துண்டுக்குள் போனது. வள்ளித்தாய் அதைப் பார்த்தாள். பத்து மாசத்தில் அவள் கேட்டதெல்லாம் அந்த ஒரு அசைவுதான்.

ஜுலைகா பீவி பேத்தியைக் கூப்பிட்டாள். பிள்ளை வந்தது. அதன் கழுத்திலிருந்து சரத்தைக் கழற்றி, புதுக் கொக்கியைப் பழைய கொக்கிக்குப் பக்கத்தில் உள்ளங்கையில் வைத்தாள். வெயில் விழுகிற இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்து இரண்டையும் பார்த்தாள்.

"இது நீ இப்ப என் கண்ணு முன்னால சுத்துனதுதான?"

வள்ளித்தாய் குனிந்து பார்த்தாள். இரண்டும் இடஞ்சுழி. ஒரே கை சுற்றிய மாதிரி, மூன்று மூன்று சுற்று.

அவள் வாயைத் திறந்தாள். சொல்ல இருந்தது ஒன்றுதான். அவனைக் கெடுக்கத்தான் இந்தக் கையைப் பழக்கினேன், தபசில் அவிழ்ந்ததெல்லாம் நான் செய்தது, கிணற்றில் விழுந்தது மட்டும் நான் செய்ததில்லை. இதை எவள் நம்புவாள்? பின்பாதியைச் சொல்ல முன்பாதியைச் சொல்லியாக வேண்டும். முன்பாதியைக் கேட்ட பிறகு பின்பாதியைக் கேட்க யார் உட்கார்ந்திருப்பார்கள்? வாயை மூடிக்கொண்டாள்.

ஜுலைகா பீவி புதுக் கொக்கியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். சரம் விறைத்ததே தவிர கொக்கி வாயைத் திறக்கவில்லை.

"இம்புட்டுக் கெட்டியாச் செய்யத் தெரிஞ்சிருக்கு. எம் மகளுக்கு மட்டும் ஏன்ட்டி அப்படிச் செஞ்ச?"

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. சரத்தைப் பேத்தியின் கழுத்தில் மறுபடி மாட்டப் போனவள், கொக்கியை வள்ளித்தாயின் குறட்டாலேயே நறுக்கி எடுத்து அவள் மடியில் போட்டாள். குறட்டையும் போட்டாள்.

"தபசுல அவுந்ததும் இவ கைவேலைதான் போலருக்கு, பீச்சாங்கைக் கதையும் இவ கட்டுனது. ஆசாரியாரே, உம்மை ஊரு பேசுன பேச்சுக்கு நானே வீடு வீடாச் சொல்லிக்கிடுதேன். மனசுல வைக்காதீரும்."

ஆசாரி தலையை ஆட்டினார்.  அந்த முற்றத்தில் என்ன நடந்தது என்று முழுசாகத் தெரிந்தவர்கள் அவரும் அவளும்தான்.

தெருவுக்கு வந்ததும் அவர் நின்றார். காற்று புழுதியைத் தூக்கி அடித்தது. ஒரு ஜட்கா வண்டி போகிறவரை காத்திருந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினார்.

"எத்தனை மாசம் ஆச்சு, கை திரும்ப?"

அவள் காய்ப்பேறிய கட்டைவிரலை முந்தானைக்குள் மறைத்தாள்.

"எனக்கு வலது கையில சாப்பிட நாலு வருசம் ஆச்சு. எங்கய்யா பழுக்கக் காய்ச்சுன கம்பியை வச்சாரு." இடது புறங்கையைத் துண்டுக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார். பழைய சூட்டுத் தழும்பு. "அந்தக் கருகமணிக் கொக்கி என்னுதுதான். அன்னைக்கு மூணு கல்யாண வேலை. தட்டாமக் குடுத்துட்டேன்."

"உள்ள போயிச் சொல்லும்."

"நீ உன்னுதைச் சொல்லுவியா?"

அவள் அவர் முகத்தில் துப்பினாள். அவர் துண்டால் துடைத்துக்கொண்டார், வலது கையால். பிறகு பட்டறைப் பக்கமாக நடந்தார். அந்த வாரத்துக்குள் அங்கே விளக்கு எரிந்தது, வலப்பக்கம்.

வீட்டில் நூல் வந்திருந்தது. தறி ஓடிக்கொண்டிருந்தது. வள்ளித்தாய் உள்ளே வந்து கரிச்சட்டி பக்கத்தில் உட்கார்ந்தாள். சுயம்புலிங்கம் தறி நாடாவை நிறுத்தாமல் கேட்டான்.

"என்னட்டி சொன்னாவ?"

அவள் மடியிலிருந்து நறுக்குப்பட்ட கொக்கியை எடுத்துப் பார்த்தாள்.

"கொக்கி நல்லாருக்குன்னாவ" என்றாள். "இழுத்தா வரலையாம்."